பத்து நிமிடச் சிவப்பு

மேலச்சுனை அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குள் ஒரு பெண் அழுதுகொண்டு நுழைந்தால், உள்ளே இருப்பவர்கள் முதலில் விளக்கைத்தான் பார்ப்பார்கள். அப்புறம்தான் அவளை. இதில் அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த விளக்கை மாட்டியபோது அரசாங்கம் போட்ட விதி அப்படி.

அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒரு முழம் நீளம். சனங்கள் சுருக்கமாகப் பயமானி என்றார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடிக் கண், அதன் கீழே ஒரு விளக்கு, பக்கத்தில் நிமிடம் காட்டும் எண்கள். கூடத்தில் இருப்பவர்களின் மூச்சு, நாடித்துடிப்பு, குரலின் நடுக்கம் எல்லாவற்றையும் எட்ட இருந்தே அந்தக் கண் பார்த்துவிடும். எல்லோரும் அமைதியாக இருந்தால் பச்சை. ஒருவர் பயந்திருந்தாலும் சிவப்பு. பத்து நிமிடம் விடாமல் சிவப்பு எரிந்தால் மாஜிஸ்ட்ரேட் நேராகத் திரையில் வந்துவிடுவார். பயந்தவரிடம் அவரே கேட்பார், அவரே எழுதுவார். இன்ஸ்பெக்டர் முதல் எஸ்.பி. வரை யாரும் நடுவில் புக முடியாது.

இந்த அதிசயம் சும்மா வந்துவிடவில்லை. ஏழு வருடங்களுக்கு முன்னால் ஓர் ஊரில், நகை காணாமல் போன வழக்கில் விசாரிக்கக் கூட்டிப்போன பெண்ணை மறுநாள் காலையில் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்றார்கள். அந்த ஸ்டேஷனுக்கு மாடியே கிடையாது. அடுத்த நாள் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பூக்காரி, டீச்சர், நர்ஸ், கல்லூரிப் பிள்ளைகள், பீடி சுற்றுகிறவர்கள் என்று பத்தொன்பது நாள் மாநிலம் முழுக்க யாரும் எழுந்திருக்கவில்லை. இருபதாம் நாள் அரசாங்கம் இறங்கிவந்தது.

அந்தக் கூட்டத்துக்கு எதிரே லத்தியோடு நிறுத்தப்பட்டவர்களில் மேலச்சுனை ஏட்டம்மா சொர்ணவடிவும் ஒருத்தி. உச்சி வெயில். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "குடிங்கக்கா, நீங்களும் பொம்பளதான" என்றாள். சொர்ணவடிவு வாங்கிக் குடித்துவிட்டாள். அதற்கு ஒரு மெமோ வந்தது. அதை அவள் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள், கல்யாணப் பத்திரிகை மாதிரி.

பயமானி வந்த பிறகு நல்லது நடந்தது. நடக்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஸ்டேஷன்களில் கெட்ட வார்த்தை குறைந்தது. லத்திகளில் ஒட்டடை படிந்தது. ஆனால் கருவியைச் செய்த புத்திசாலிகள் ஒன்றை யோசிக்க மறந்துவிட்டார்கள். வீட்டில் அடிவாங்கிவிட்டு வருகிறவள் வரும்போதே சிவப்பாகத்தான் வருவாள். மாஜிஸ்ட்ரேட் திரைக்கு வந்தால், வருடத்தில் மூன்று தடவை வந்தால், இன்ஸ்பெக்டரின் பதவி உயர்வு அதோடு படுத்துவிடும். ஆகவே பல ஸ்டேஷன்களில் பெண்களை வாசல் வேப்பமரத்தடியிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினார்கள். வேப்பமரம் வரைக்கும் கண்ணாடிக் கண்ணுக்குப் பார்வை எட்டாது.

மேலச்சுனையில் அந்தப் பாவத்தைச் செய்யவில்லை. அங்கேதான் ஏட்டம்மா சொர்ணவடிவு இருந்தாளே. ஊருக்கே அவள் வடிவக்கா. ஐம்பத்திரண்டு வயது. மூன்று ஆண் பிள்ளைகளைப் பெற்றுவிட்டு, ஒரு பெண் பிள்ளை இல்லையே என்ற குறையை ஸ்டேஷனுக்கு வருகிற எல்லாப் பெண்களிடமும் தீர்த்துக்கொண்டவள். யார் வந்தாலும் கையைப் பிடித்து உட்காரவைப்பாள். "முதல்ல இந்த டீயைக் குடி தாயி. அழுவாத. நான் இருக்கேன்லா" என்பாள். கலைந்த தலையை வாரிப் பின்னிவிடுவாள். கைக்குழந்தை இருந்தால் வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். ஆறு நிமிடம், மிஞ்சினால் ஏழு. விளக்கு பச்சைக்கு வந்துவிடும்.

பச்சை வந்த பிறகு அநேகம் பேர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிக்கா, நான் வீட்டுக்கே போறேன். உங்ககிட்டப் பேசினதே போதும்" என்பார்கள். மனு ரசீதில் 'சமாதானமாகச் சென்றார்' என்று வடிவக்காவே எழுதுவாள். மாவட்டத்தில் அவளுக்குக் கேடயம் கொடுத்தார்கள். வேறு ஸ்டேஷன்களிலிருந்து வந்து அவள் எப்படிப் பேசுகிறாள் என்று பார்த்துக் கற்றுக்கொண்டு போனார்கள். தான் கும்பிடும் சாமி தன்னை இதற்காகத்தான் காக்கிக்குள் அனுப்பியது என்று அவள் மனதார நம்பினாள்.

அன்று வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். அம்மன் கோயில் கொடை விழாவுக்குப் பந்தோபஸ்து என்று இன்ஸ்பெக்டர் ரேணுகாதேவியும் மற்றவர்களும் போய்விட்டார்கள். ஸ்டேஷனில் வடிவக்காவும் காவலர் மாரிச்செல்வியும் மட்டும். வாசலில் ஆட்டோ நின்றது. துப்பட்டாவால் இடது கையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஒரு பெண் இறங்கினாள்.

விளக்கு சிவந்தது. மாரிச்செல்வி பழக்கதோஷத்தில் கெட்டிலைப் போட எழுந்தாள்.

வந்தவள் தன்யஸ்ரீ. இருபத்தைந்து வயது. பக்கத்து ஊரான தெற்குப்பாறை ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டராக இருக்கும் கௌதமின் மனைவி. இரண்டு மாதத்துக்கு முன்னால் கன்னம் வீங்கி இதே வாசலில் வந்து நின்றவள். அன்று வடிவக்கா ஆறே நிமிடத்தில் அவளை ஆற்றித் தலைவாரி, பூ வைத்து, தானே பஸ் ஏற்றி அனுப்பினாள். கௌதமுக்கும் போன் போட்டு நல்ல வார்த்தை நாலு சொன்னாள்.

இன்று தன்யஸ்ரீ உள்ளே வந்து வடிவக்காவின் முகத்தைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். விளக்கு பச்சைக்கு மாறிவிட்டது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. டீ இன்னும் கொதிக்கவே இல்லை.

"என்ன தாயி கையில?"

"உடைஞ்சிருக்குக்கா. மணிக்கட்டு. நாலு நாளாச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவ விடல. இன்னைக்கு அவரு டூட்டிக்குப் போனதும் பின்வாசல் வழியா வந்துட்டேன்." பிறகு சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள். "ஆட்டோல வரும்போது கையி காலெல்லாம் ஆடிச்சு. உங்களைப் பாத்ததும் நின்னுட்டு."

வடிவக்கா துப்பட்டாவை அவிழ்த்துப் பார்த்தாள். கை கருநீலமாக வீங்கியிருந்தது. மறுபடி மெதுவாகக் கட்டிவிட்டாள். இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள்.

"அம்மா, நம்ம தன்யஸ்ரீ வந்திருக்கா. கையை உடைச்சிருக்கான். இன்னைக்கு எஃப்.ஐ.ஆர். போட்டுருவோம்மா."

மறுமுனையில் உறுமியும் மேளமும் கேட்டன. ரேணுகாதேவி கெட்டவள் கிடையாது. இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாய். வருகிற தையில் டி.எஸ்.பி. ஆகப்போகிறவள். "அவர் எனக்கு இப்பதான் போன் பண்ணாரு அக்கா. வீட்டுக்காரம்மா காணோம், அங்கதான் வந்திருப்பாங்கன்னு. டிபார்ட்மென்ட் ஆளு. எஃப்.ஐ.ஆர். போட்டா அவர் வேலை போயிரும், நாளைக்கு அந்தப் பொண்ணே நம்மளத் திட்டும். நான் இருபது நிமிஷத்துல வாரேன். நானே பேசி அவரோட அனுப்பி வைக்கேன். விளக்கு பச்சைதான?"

"பச்சைதாம்மா."

"அதான் எங்க வடிவக்கா. அதுவரைக்கும் பாத்துக்கோங்க."

கையெழுத்துப் போடவேண்டியவள் இன்ஸ்பெக்டர். அவள் மாட்டேன் என்றால் ஏட்டம்மா எழுதும் எழுத்துக்கு மதிப்பில்லை. இன்ஸ்பெக்டரைத் தாண்டிப் போக ஒரே வழிதான் இருந்தது. அது சுவரில் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

வடிவக்கா தன்யஸ்ரீயைப் பார்த்தாள். "ஏளா, உனக்குப் பயமா இல்லையா? கொஞ்சங்கூடவா?"

"இங்க வந்தப்புறம் என்ன பயம்க்கா?"

மாரிச்செல்வி வடிவக்காவை அலமாரிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "யக்கா, பத்து நிமிஷம் சிவப்பு எரிஞ்சாப் போதும். ஒண்ணு செய்வோம். அவ புருசன் ஜீப்புல வாசல்ல வந்து நிக்கான்னு சொல்லுவோம். தன்னால எரியும்."

வடிவக்காவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "அதுக்கு அவன் பரவாயில்லையே! அந்தப் பிள்ளை நாலு நாளா நடுங்கிட்டு இப்பத்தான் மூச்சு விடுது. நீதி வேணும்னா மறுபடி நடுங்குன்னு சொல்லவா? அதுக்கா நான் காக்கி போட்டேன்? போய் வாசலைப் பாருளா."

பயமானியைப் பராமரிக்கும் பொறியாளர் அப்சலின் நம்பர் சுவரில் ஒட்டியிருந்தது. அவரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இதைச் சிவப்பா எரிய வைக்கதுக்கு எதும் பட்டன் இருக்கா?"

"இல்ல மேடம். இருந்தா பச்சையா எரிய வைக்கிற பட்டனைத்தான் எல்லாரும் முதல்ல கேட்டிருப்பாங்க. யாராவது நிஜமா பயந்தாத்தான் எரியும்."

"யாராவதுன்னா? எனக்குப் பயம் வந்தா எரியுமா?"

"உங்களைப் பாக்காது மேடம். காக்கி போட்டவங்களை விட்டுடும்."

"அது ஏன் அப்படி?"

"மாட்டின முதல் வாரம் எல்லா ஸ்டேஷன்லயும் நாள் முழுக்கச் சிவப்பா எரிஞ்சுது. கருவி பழுதுன்னு நினைச்சோம். பாத்தா பயந்ததெல்லாம் காவலர்கள்தான் மேடம். ஆபீசர் உள்ள வந்தா சிவப்பு, போன் அடிச்சா சிவப்பு. அதனால காக்கியைக் கணக்குல எடுக்காதேன்னு மேலேருந்து சொல்லிட்டாங்க. முகமெல்லாம் அதுக்குத் தெரியாது. துணியைத்தான் பாக்கும்."

வடிவக்கா போனை வைத்தாள். அலமாரியைத் திறந்தாள். காக்கியோடு பஸ் ஏறினால் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை என்பதற்காக, வீட்டுக்குப் போகும்போது கட்டிக்கொள்ள ஒரு மெல்லிய நூல் புடவை எப்போதும் அங்கே இருக்கும். உள்ளறைக்குப் போய்க் கட்டிக்கொண்டு வந்தாள். பணி நேரத்தில் சீருடையைக் கழற்றினால் என்ன தண்டனை என்பது முப்பது வருட சர்வீஸ்காரிக்குத் தெரியாதா? தெரிந்துதான் கழற்றினாள். புகார் கொடுப்பவர்கள் உட்காரும் பெஞ்சில், தன்யஸ்ரீக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

விளக்கு பச்சையாகவே இருந்தது.

வடிவக்கா அதை முறைத்துப் பார்த்தாள். மெமோவை நினைத்துப் பார்த்தாள். சஸ்பென்ஷனை நினைத்தாள். பென்ஷன் போய்விடும் என்று நினைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. முப்பது வருடம் பயத்தை முழுங்கி முழுங்கிப் பழகியவளுக்கு, வா என்றால் அது வருமா? மாரிச்செல்வி வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "யக்கா, கண்ணை மூடிப் பாம்பு கீம்பு நினைச்சுப் பாருங்களேன்" என்றாள். தன்யஸ்ரீ களுக்கென்று சிரித்துவிட்டாள். ஐந்து நிமிடம் வீணாகப் போயிருந்தது.

"சரி, அது கெடக்கு" என்றாள் வடிவக்கா. "நீ சொல்லு. ஞாயித்துக்கிழமை என்ன நடந்துச்சு? முதல்ல இருந்து சொல்லு."

சொல்லிவிட்டு அவளே திகைத்துப்போனாள். இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை அவள் யாரிடமும் முழுசாகக் கேட்டதில்லை. அவர்கள் வாயைத் திறப்பதற்குள், சரி சரி விடு, அழுவாத என்று டீயைக் கையில் கொடுத்துவிடுவாள்.

தன்யஸ்ரீ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சாயங்காலம்க்கா. தோசை ஆறிப்போச்சுன்னு ஆரம்பிச்சாரு. கீழ விழுந்துட்டேன். கையைப் பூட்ஸ் காலால மிதிச்சாரு. நான் சொன்னேன், மேலச்சுனைக்குப் போறேன், வடிவக்காட்டச் சொல்லுவேன்னு. அப்ப அவரு சிரிச்சாரு. யாருட்டச் சொல்லுவ, இந்தான்னு போனை எடுத்து ஸ்பீக்கர்ல போட்டாரு. இந்த ஸ்டேஷனுக்குத்தான் போட்டாரு."

வடிவக்காவின் விரல்கள் புடவைத் தலைப்பில் நின்றுபோயின.

"நீங்கதான்க்கா எடுத்திய. வணக்கம் ஐயா, சாப்பிட்டியளான்னு கேட்டிய. வீட்டுல தங்கச்சி நல்லா இருக்காளான்னு கேட்டிய. அவரு, இந்தா பக்கத்துலதான் இருக்கா ஏட்டம்மான்னு சொன்னாரு. அப்பத்தான் காலை அழுத்துனாரு. எலும்பு சத்தம் எனக்கே கேட்டுச்சு. நீங்க சந்தோசம் ஐயா, ரெண்டு பேரும் இப்படியே ஒத்துமையா இருங்கன்னு சொல்லிட்டு வச்சிய."

வடிவக்காவுக்கு அந்தப் போன் நன்றாக நினைவிருந்தது. அன்று சாயங்காலம் அவள் மனம் நிறைந்திருந்தது. ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்துவிட்டோம் என்று வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைத்தாள்.

"நீ ஏன் கத்தல?" என்றாள். மறுபடி கேட்டாள். "ஏன் தாயி கத்தல?"

"உங்க குரல் கேட்டதும் அழுகை நின்னுட்டுக்கா. அது ஒரு மாதிரி... அம்மா பேசினாப்ல இருக்கும்லா. அதைக் கேட்டுட்டே கெடந்தேன். அவரு போனை வச்சிட்டுச் சொன்னாரு, நீ யாரை நம்புனியோ அவளும் எனக்குத்தான் வணக்கம் வைக்கா, பாத்தியான்னு." தன்யஸ்ரீ நிமிர்ந்தாள். "நான் உங்களைத் தப்பா நினைக்கலக்கா. உங்களுக்குத் தெரியாதுல்லா."

உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து வடிவக்கா எதிரே பார்த்தாள். தினமும் தான் உட்காரும் நாற்காலி, மேசை, கெட்டில், டம்ளர்கள், சுவரில் கேடயம். அந்த நாற்காலியில் தன் முகத்தோடு ஒருத்தி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலவும், இனி அவள் எது சொன்னாலும் தலையாட்ட வேண்டியிருக்கும் போலவும் இருந்தது. இந்தப் பிள்ளை பிழைத்துவந்துவிட்டது. வராதவர்கள் எத்தனை பேர்? பச்சையாக்கி அனுப்பிய பிறகு திரும்பி வராதவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்! முதுகில் வேர்த்தது. முழங்கால்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை.

"யக்கா!" என்றாள் மாரிச்செல்வி.

விளக்கு சிவப்பாக எரிந்தது. எண்கள் ஓடத் தொடங்கின.

ஒரு நிமிடம். மூன்று. ஐந்து. வடிவக்கா பற்களைக் கடித்துக்கொண்டு, இதுவரை பஸ் ஏற்றி அனுப்பிய முகங்களை ஒவ்வொன்றாக நினைத்தாள். ஒவ்வொரு முகமும் ஒரு நிமிடத்துக்குப் போதுமானதாக இருந்தது.

பெரிய மனுஷி ஒருத்தி பக்கத்தில் இப்படி நடுங்குவதை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? தன்யஸ்ரீ பொறுக்கமாட்டாமல் தன் நல்ல கையால் வடிவக்காவின் கையைப் பிடித்தாள். தடவிக் கொடுத்தாள். "ஒண்ணுமில்லக்கா. நான் இருக்கேன்லா. மூச்சை நல்லா இழுத்து விடுங்க. அந்த டீயை எடுத்துத் தரட்டா?" என்றாள்.

சிவப்பு ஒரு கணம் மங்கியது.

"ஏளா, கையை எடு!" வடிவக்கா அலறிவிட்டாள். "ஆத்தாத. என்னைய ஆத்தாத தாயி. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

தன்யஸ்ரீ கையை எடுத்துக்கொண்டாள். பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். கட்டிக்கொள்ள ஆசைப்படும் இரண்டு பேர் நடுவில் ஒரு முழம் இடம் விட்டு உட்கார்ந்திருப்பதை மாரிச்செல்வி அன்றுதான் பார்த்தாள்.

ஒன்பதாவது நிமிடத்தில் ஜீப் சத்தம் கேட்டது. ரேணுகாதேவி நெற்றியில் கோயில் குங்குமத்தோடு உள்ளே வந்தாள். புடவையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏட்டம்மாவைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள். ஒரு நொடியில் எல்லாம் புரிந்தது அவளுக்கு. கத்துவாள் என்று மாரிச்செல்வி நினைத்தாள். அவள் கத்தவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு வடிவக்காவின் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா இது, உடம்பெல்லாம் நடுங்குது? ஒண்ணுமில்ல. நான் வந்துட்டேன்லா. முதல்ல ஒரு டீ சாப்பிடுங்க. பேசிக்கலாம். எல்லாம் பேசிக்கலாம்."

அது வடிவக்காவின் குரல். அவளிடமிருந்து கற்றுக்கொண்ட அதே இழுப்பு, அதே இதம். எவ்வளவு நன்றாக இருக்கிறது கேட்பதற்கு! கண்ணை மூடி அதில் சாய்ந்துவிடலாம் போலிருந்தது. அப்படிச் சாய்ந்துதானே எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள் என்று நினைத்தபோது, அதுவரை வந்த நடுக்கமெல்லாம் ஒன்றுமில்லை என்னும்படி இன்னும் பெரிதாக நடுங்கினாள்.

திரை ஒளிர்ந்தது. கண்ணாடி போட்ட மாஜிஸ்ட்ரேட் அம்மாள் ஒருவர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். ரேணுகாதேவி விறைப்பாக எழுந்து நின்றாள்.

"பயந்தவர் யார்?"

"நாந்தாம்மா" என்று வடிவக்கா எழுந்தாள். "சொர்ணவடிவு. இந்த ஸ்டேஷன் ஏட்டு."

"யாரைப் பாத்துப் பயம்? தைரியமா சொல்லுங்க."

ரேணுகாதேவி கண்ணை மூடிக்கொண்டாள். தன் பெயர்தான் வரப்போகிறது என்று நினைத்தாள்.

"என்னையப் பாத்துத்தாம்மா" என்றாள் வடிவக்கா. "இந்தப் பிள்ளை கையை ஒடச்சது அவ புருசன், சப்-இன்ஸ்பெக்டர் கௌதம். அதை அவளே சொல்லுவா. இன்னைக்கே எழுதணும். ஆனா ரெண்டு மாசத்துக்கு முன்னால அவளைத் தலைவாரி அவங்கிட்ட அனுப்பினது நானு. இவளுக்கு முந்தியும் நெறையப் பேரை அனுப்பியிருக்கேன். அவ்வளவு பேர் விலாசமும் அந்த ரசீதுப் புஸ்தகத்துல என் கையெழுத்துலயே இருக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் போவணும்மா. அவங்க உயிரோட இருக்காங்களான்னு பாக்கணும்."

மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"யாரைம்மா அனுப்பலாம்?"

"என்னையே அனுப்புங்க" என்றாள் வடிவக்கா. "நான் போனாத்தான் கதவைத் திறப்பாளுவ."